ஆளில்லாக் கூடத்தில் ஒரு மடக்கு நாற்காலி

நான் பொறாமைக்காரன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பக்கத்து வீட்டில் புதுக் கார் வந்து நின்றால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆளில்லாத பெரிய கூடம் ஒன்றை யாராவது என்னைவிட நன்றாகப் படம் பிடித்துவிட்டால் மட்டும் மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. அப்படிப் படம் எடுக்கிறவர்கள் உலகத்தில் குறைவு என்பதால் இத்தனை காலம் ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தேன்.

மலேசியாவின் ஈப்போ நகரில் பிழைப்புக்குக் கல்யாணப் படம் எடுக்கிறேன். ஆசைக்கு எடுப்பது காலிக் கூடங்கள். ரயில் நிலையத்தின் முன்கூடம், நீதிமன்றம், மூடிப்போன சினிமாக் கொட்டகை, விடுமுறை நாளில் பள்ளி மண்டபம். காவலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி உள்ளே போய், அங்கே இருப்பவர்களை ஒருவர் விடாமல் கிளப்பி வெளியே அனுப்பிவிட்டு, பெரிய கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் அரை நாள் வெளியே எடுக்க மாட்டேன். என் மனைவி இவற்றைப் பேய் வீட்டுப் படங்கள் என்பாள்.

கோலாலம்பூரில் மிஸ் லியோங் என்ற சீன அம்மையார் ஒரு பழைய கடை வீட்டு மாடியில் படக்கூடம் நடத்தி வந்தார். பத்து வருஷம் அந்தப் படிகளை ஏறி இறங்கிய பிறகு, எண்பதுகள் முடிகிற சமயத்தில், என் படங்களை மாட்டச் சம்மதித்தார். அந்தச் சுவர்களில் இருபது படத்துக்குத்தான் இடம். இருபதையும் நானே தேர்ந்தெடுத்து எடுத்துக்கொண்டு போனேன். போன இடத்தில் என் குறிப்புப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். அதில் பக்க அடையாளத்துக்காக ஒரு போட்டோ செருகியிருந்தது. மிஸ் லியோங் அதை உருவினார்.

என் சித்தப்பா மகன் முனிராஜ் அனுப்பிய படம் அது. கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம், வேப்பனப்பள்ளி சாலையில் ஒரு மாங்கூழ்த் தொழிற்சாலையில் முதல் வேலை கிடைத்தபோது, தான் வேலை பார்க்கும் இடம் இது என்று எழுதி அனுப்பியிருந்தான். மாம்பழக் காலம் தொடங்காத நாளில் எடுத்தது. நீளமான கூடம். கூரையில் கண்ணாடி ஓடுகள். கழுவிவிட்ட தரையில் அந்த ஓடுகளின் வெளிச்சம். ஆள் இல்லை. தூரத்தில், நடுவில் இல்லாமல் சற்று இடப்பக்கமாக, ஓர் இரும்பு மடக்கு நாற்காலி. அவ்வளவுதான்.

மிஸ் லியோங் என் இருபது படங்களை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்தில் ‘அந்தோணி ஸ்டுடியோ, ஓசூர்’ என்று ரப்பர் முத்திரை இருந்தது. நான் எப்படியும் அடுத்த மாதம் ஊர் பார்க்க இந்தியா போவதாக இருந்தேன். அந்த அந்தோணிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, என் கையில் கொடுத்தார். அவருடைய படங்களில் பத்து வாங்கி வர வேண்டும். என் படங்களில் பத்து போதும். சுவரைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றார்.

இரண்டு வருஷம் அந்தப் படத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான். அது நல்ல படம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் யார் கண்ணிலும் படாமல் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன்.

விமானம், விசா, மதராஸ் வெயில் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் ஓசூரில் இறங்கியதிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தியா என்றால் வெயில் என்று நம்பி மெல்லிய சட்டைகளாக அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். தை பிறக்க ஒரு வாரம் இருந்த ஒரு விடிகாலை. பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்கள். எனக்குப் பல் தந்தியடித்தது. ஒரே மாதிரிச் சட்டை போட்ட ஆட்களைத் தொழிற்சாலைப் பேருந்துகள் அள்ளிக்கொண்டு போயின. பூக்கூடைகள் ஒரு பக்கம், இரும்புச் சாமான் மூட்டைகள் ஒரு பக்கம் ஏறின. முனிராஜ் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டான். இப்போது ஓசூரிலேயே பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை.

தேநீர்க் கடையில் இரண்டு பேர் என் கேமரா முக்காலியையும் மரப்பெட்டியையும் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ பேசினார்கள். என்னவென்று கேட்டேன். அந்த ஆள் பெட்டியில் பீரங்கி வைத்திருக்கிறான் போல என்று பேசிக்கொள்வதாக முனிராஜ் மொழிபெயர்த்தான். எங்கள் ஈப்போவிலும் நான்கு மொழி உண்டு. ஆனால் அங்கே ஒருவன் எந்த மொழியில் கோபப்பட ஆரம்பித்தானோ அதே மொழியில் முடிப்பான். இங்கே கன்னடத்தில் தொடங்கி, தெலுங்கில் வைது, தமிழில் சமாதானமாகிறார்கள். கடைக்காரர் மூன்றுக்கும் சேர்த்துத் தலையாட்டியபடி தேநீர் ஆற்றினார். எங்கள் ஊரில் இழுத்து ஆற்றும் ‘தே தாரிக்’ அளவுக்கு நுரை இல்லை. இஞ்சி மட்டும் தாராளமாக இருந்தது.

மத்தியானம் முனிராஜின் மனைவி சாவித்திரி ராகிக் களியும் பிதுக்கம் பருப்புக் குழம்பும் வைத்தாள். ஊறவைத்த அவரைக் கொட்டையை ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கி எடுத்துச் செய்யும் குழம்பு. குளிர்காலத்தில்தான் கிடைக்குமாம். அந்தக் குழம்புக்காகவே விமானம் ஏறலாம். களியைத்தான் நான் மென்றுவிட்டேன். அது மேல்வாயில் ஒட்டிக்கொண்டு இறங்குவேனா என்றது. மெல்லக் கூடாது மாமா, முழுங்கணும் என்று சொல்லிவிட்டுச் சாவித்திரி சிரிப்பை மறைக்க அடுப்பறைக்குள் ஓடினாள்.

சாயங்காலம் அந்தோணி ஸ்டுடியோவைத் தேடிப் போனோம். தாடி வைத்த, சிகரெட் பிடிக்கிற, என்னைப் பார்த்ததும் அலட்சியமாகப் பேசப்போகிற ஓர் ஆளை வழியெல்லாம் மனதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவனிடம் என்ன பதில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்தாயிற்று. மாடிப்படி ஏறினால், சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர் போட்ட, முப்பத்தைந்து வயது இருக்கக்கூடிய ஒரு பெண், தொழிற்சாலை அடையாள அட்டைக்கு வரிசையாக ஆட்களை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கழுத்துப் பொத்தானைப் போடுங்க, அடுத்தவர் வாங்க. அவ்வளவுதான் பேச்சு. அந்தோணி சார் இருக்கிறாரா என்று கேட்டேன். அவருக்குச் செகண்ட் ஷிப்ட் என்றார். மாங்கூழ் ஆலைப் படத்தைக் காட்டி, இதை எடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“நான்தாங்க எடுத்தன்” என்றார்.

பெயர் ஜெசிந்தா. கணவருக்கு ஐந்து வருஷத்துக்கு முன் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் ஸ்டுடியோ இவர் கைக்கு வந்திருக்கிறது. பலகையில் பெயர் மாறவில்லை. நானும் படம் எடுப்பவன், மலேசியாவிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். பெட்டி நிறையப் பழுப்பு உறைகள். உறை உறையாகக் காலிக் கூடங்கள். பட்டுக்கூடு ஏலம் விடும் அங்காடி, கல்யாண மண்டபம், தானியக் கிடங்கு, சினிமாக் கொட்டகை, கோயில் அன்னதானக் கூடம், சர்ச் மண்டபம், இயந்திரம் வராத தொழிற்சாலைக் கொட்டகைகள். நூற்றுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் தூரத்தில் அந்த இரும்பு நாற்காலி. நான் இருபது வருஷமாக ஊர் ஊராக அலைந்து சேர்த்தது மொத்தம் நாற்பது.

வயிறு எரிந்தது. அதை மறைக்க, எதற்காக இவற்றை எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“காலிப் படம் சார். புதுசா கட்டடம் கட்டுனா லைசென்சுக்கு வெக்கணும். ஆள் இருந்தா ஒத்துக்க மாட்டாங்க. லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியே ஆள் பொழங்குதுன்னு எழுதித் திருப்பிடுவாங்க. ஒருக்கா தூணுக்குப் பின்னால ஒரு கொத்தனாரு தூங்கிட்டிருந்தாரு. காலு மட்டும் படத்துல உழுந்துடுச்சு. மறுபடியும் ஜவளகிரி வரைக்கும் போயி எடுத்துக்கிட்டு வந்தன்.”

அப்படியானால் நாற்காலி? கட்டடத்தின் உயரம் படத்தைப் பார்த்தால் தெரியாதாம். நாற்காலியின் உயரம் ஆபீஸ்காரர்களுக்குத் தெரியும். அதை வைத்து மற்றதை மதிப்பிட்டுக்கொள்வார்கள். அதற்காக ஒரே நாற்காலியை ஐந்து வருஷமாகப் பேருந்தில் தூக்கிக்கொண்டு அலைகிறார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மிஸ் லியோங் கண்ணெடுக்காமல் பார்த்தாரே அந்த நாற்காலி, அது ஓர் அளவுகோல். தனிமையுமில்லை, தத்துவமுமில்லை, லைசென்ஸ். இந்த அம்மாள் ஒன்றும் கலைஞர் இல்லை. லைசென்ஸ் விதி அப்படி எடுக்க வைத்திருக்கிறது. இதெல்லாம் எப்படி இருக்கிறது சார் என்று ஜெசிந்தா கேட்டபோது, ஆபீசுக்குப் போதும் என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. கடிதம் என் பையில்தான் இருந்தது. உறையில் ‘திரு. அந்தோணி’ என்றுதானே எழுதியிருக்கிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மறுநாள் காலையில் ஒரு காரியம் செய்தேன். வெட்கத்தோடு எழுதுகிறேன். சாவித்திரி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், அடுப்பில் கொதித்த பாத்திரத்தின் ஆவியில் உறையைக் காட்டிப் பிரித்தேன்.

முதல் பக்கம் முழுவதும் புகழ்ச்சி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இப்படி எழுதியிருந்தது: ‘இக்கடிதத்தைக் கொண்டு வருபவரும் காலிக் கூடங்களைத்தான் எடுக்கிறார். அவருடைய கூடங்களில் ஆட்களை விரட்டியது தெரிகிறது. உங்கள் கூடத்தில் இருந்தவர் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்.’

என்னையே தூதாக அனுப்பி, என் கையிலேயே இதைக் கொடுத்திருக்கிறார். உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து மறுபடி ஒட்டினேன். கோணலாக ஒட்டிக்கொண்டது. அன்றைக்கே இவர்கள் எல்லோருக்கும் காட்டிவிடுகிறேன் என்று பக்கத்து வீட்டில் ஓர் இரும்பு மடக்கு நாற்காலி இரவல் வாங்கினேன். ஆமாம், நாற்காலிதான். எழுதும்போது கை கூசுகிறது.

முனிராஜுக்குச் சூளகிரியில் ஒரு சினிமாக் கொட்டகை மேலாளரைத் தெரியும். காலைக் காட்சி கிடையாது, கொட்டகை காலியாக இருக்கும் என்றான். பேருந்தில் போய் இறங்கினோம். கட்டடத்துக்கு முன்னால் ஓர் அவரைத் தோட்டம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து உள்ளே போகிறது என்று பார்ப்பதற்காக வரப்பு ஓரத்தில் முக்காலியை நிறுத்தினேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர், சாலையிலிருந்து நான்கு பேர், எங்கிருந்தோ எட்டுப் பத்துப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் தெலுங்கில் பேசினார்கள். ஒரே ஒரு சொல் எனக்குப் புரிந்தது. சர்வேயர்.

“மூணு கால் வந்து நின்னா அடுத்த மாசம் நோட்டீஸ் வரும்னு சொல்றாருண்ணா” என்றான் முனிராஜ். “இவரு நெலத்துல பாதி ஃபேக்டரிக்குப் போயிடுச்சாம். மீதிய அளக்க வந்திருக்கீங்கன்னு நெனைக்கறாரு.”

அளக்க வரவில்லை, படம் எடுக்க வந்தேன் என்று விளக்கச் சொன்னேன். அந்தப் பெரியவர் நம்பவில்லை. சரி, நீங்களே பாருங்கள் என்று கேமராவை முக்காலியில் ஏற்றி, கறுப்புத் துணியை அவர் தலையில் போட்டுப் பின்பக்கக் கண்ணாடியைக் காட்டினேன். அது நான் செய்த பெரிய தப்பு. என் கேமராவில் எதுவும் தலைகீழாகத்தான் தெரியும். பெரியவர் துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து உரத்த குரலில் ஏதோ சொன்னார். எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது, இப்படிப் பார்த்து அளந்தால் நிலம் எப்படி மிஞ்சும் என்று சொல்கிறாராம்.

அதற்குப் பிறகு கூட்டம் எங்களோடு கொட்டகைக்குள்ளேயும் வந்தது. நான் என்ன அளக்கிறேன் என்று பார்க்க வேண்டுமாம். வெளியே போகச் சொன்னால் சந்தேகம் இன்னும் கூடியது. இருபது வருஷமாகக் காவலாளி முதல் நீதிமன்றப் பியூன் வரை எல்லோரையும் வெளியேற்றியவன் அன்று ஒரு சினிமாக் கொட்டகையைக் காலி செய்ய முடியாமல் நின்றேன். நான் தூரத்தில் கொண்டுபோய் வைத்த நாற்காலியில் அந்தப் பெரியவர் உட்கார்ந்துகொண்டார். நான் கிளம்புகிற வரை எழுந்திருக்கவில்லை. ஈப்போவில் முக்காலியோடு போனால் ஐஸ்கிரீம் விற்பவன்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

மூன்றாம் நாள் ஜெசிந்தாவே ஆள் அனுப்பியிருந்தார். கிருஷ்ணகிரியில் ஒரு புது மண்டபத்துக்குக் காலிப் படம் எடுக்கப் போவதாகவும், பெரிய கேமராவில் எப்படி எடுப்பார்கள் என்று பார்க்க ஆசையாக இருப்பதாகவும், தொந்தரவில்லை என்றால் வரலாம் என்றும் செய்தி. முனிராஜுக்கு வேலை. நான் மட்டும் போனேன். ஆசையோடு போனேன் என்று சொல்ல மாட்டேன். அவர் தடுமாறுவதை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று போனேன்.

ஜெசிந்தாவின் நாற்காலியைப் பார்த்ததுமே பேருந்து நடத்துநர் சிரித்தபடி வாங்கி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் செருகினார். என் முக்காலிக்கு மட்டும் லக்கேஜ் டிக்கெட் போட்டார். சூளகிரி தாண்டிச் சக்கரம் பஞ்சரானது. எல்லோரும் இறங்கிச் சாலையோரம் நின்றோம். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண்ணுக்கு ஜெசிந்தா நாற்காலியை விரித்துப் போட்டார். பிறகு நான்கடி தள்ளிப் போய், தலையைச் சாய்த்து அவளையும் பின்னால் தெரிந்த பாறைக் குன்றையும் ஒரு நிமிஷம் பார்த்தார். கேமராவை எடுக்கவில்லை. சும்மா பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தெரிந்த பார்வை அது.

மண்டபம் பிரமாதமாக இருந்தது. ஆயிரம் பேர் உட்காரலாம். இரண்டு பக்கமும் தூண்கள், மேலே சுற்றிவரப் பால்கனி, மேடைக்கு நேர் எதிரே உயரமான ஜன்னல்கள். எங்கள் ரயில் நிலையத்தின் முன்கூடத்தை இதற்குள் வைத்துப் பூட்டிவிடலாம். சுண்ணாம்பு வாசனை போகவில்லை. உரிமையாளர் வெள்ளை வேட்டியோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். தையில் முதல் முகூர்த்தத்துக்கே ஒரு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டாராம். லைசென்ஸ் கைக்கு வரவில்லை. மறுநாள் காலைக்குள் படம் ஆபீசுக்குப் போயாக வேண்டும்.

ஜெசிந்தா எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். சாயம் பூசுபவர்கள், தச்சர், தரை துடைக்கும் பெண்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தரையில் படுத்தபடி ஒயர் இழுத்துக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் கடைசியாக எழுந்தார். அவர் படுத்திருந்த இடத்தை ஜெசிந்தா கவனித்துக்கொண்டார். நேராகப் போய் அங்கே நாற்காலியை வைத்தார். திரும்பி வந்து, மேலிருந்து குனிந்து பார்க்கும் தன் பழைய இரட்டைக்கண் கேமராவில் பார்த்தார். திருப்தி இல்லை. போய் இரண்டடி நகர்த்தினார். மறுபடி பார்த்தார். மறுபடி போய் நாற்காலியை லேசாகத் திருப்பி வைத்தார்.

நாற்காலி எங்கே இருந்தால் ஆபீஸ்காரர்களுக்கு என்ன, உயரம்தானே பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன்.

“அவங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்குத்தான். நடுவுல வெச்சா நாற்காலி தொலஞ்சு போன மாதிரி இருக்குது. இங்க வெச்சா யாரோ இப்பத்தான் எழுந்து வெளிய போனாங்கன்னு தோணும். அப்பத்தான் இம்மாம் பெரிய கூடம் பாக்கறதுக்கு மனசுக்குக் கஷ்டமா இல்ல.”

இரண்டு நாளாக நான் பிடித்துக்கொண்டு தொங்கிய கயிறு அங்கே அறுந்தது. விதியுமில்லை, தற்செயலுமில்லை. இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்காததால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லப்போனால் அன்று முதல் நாள் அவரே என்னிடம் கேட்டார். நான்தான் ஆபீசுக்குப் போதும் என்றேன்.

பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். நல்லெண்ணத்தில் கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். அதை வைத்துக்கொண்டு இனி ஒரு நிமிஷம்கூட அந்தக் கூடத்தில் நிற்க முடியாது என்று தோன்றியதால் கொடுத்தேன். படத்தை எடுத்தவருக்கு வந்தது, பெயர்தான் தெரியாமல் அந்தோணி என்று எழுதிவிட்டார்கள் என்றேன்.

ஜெசிந்தா உறையைத் திருப்பிப் பார்த்தார். ஏற்கெனவே பிரித்து ஒட்டியது போல இருக்கிறதே என்றார். வழியில் ஈரம் பட்டுவிட்டது என்றேன். உறையைப் பிரித்தார். கடிதத்தை விரித்து என்னிடமே நீட்டினார். அவர் படித்தது எட்டாவது வரைக்கும். இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், அர்த்தம் தெரியாது. நீங்களே படித்துச் சொல்லுங்கள் சார் என்றார்.

இரண்டு நாளாகக் கன்னடத்தையும் தெலுங்கையும் முனிராஜ் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் எதையாவது குறைத்துச் சொல்லியிருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? மேடைப் படியில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். மிஸ் லியோங் ‘அபாரம்’ என்று எழுதிய இடத்தில் நான் ‘நல்லா இருக்கு’ என்றேன். ‘பல நாள் தூங்க விடவில்லை’ என்று இருந்ததை ‘ஞாபகம் இருக்கிறது’ ஆக்கினேன். இரண்டாம் பக்கத்தின் நடுவுக்கு வந்ததும் அந்த மூன்று வாக்கியங்களைத் தாண்டி, பத்துப் படங்கள் அனுப்புங்கள் என்ற வரிக்குப் போய்விட்டேன்.

ஜெசிந்தா கையை நீட்டிக் காகிதத்தில் விரலை வைத்தார்.

“இந்த ரெண்டு மூணு வரிய விட்டுட்டீங்க சார்.”

முக்கியமில்லை என்றேன்.

“உங்க கண்ணு அதும்மேல பட்டுச்சு. பட்டுட்டுத் தாண்டிப் போச்சு. அர்த்தம்தான் எனக்குத் தெரியாது. பாக்கத் தெரியும்.”

படித்தேன். குறைக்காமல் சொன்னேன். இங்கிலீஷில் படித்தபோது கோபம் வந்த வாக்கியங்கள். என் வாயால், தமிழில், அந்தக் காலி மண்டபத்தில் சொன்னபோது கோபம் வரவில்லை. உண்மை என்று காதில் விழுந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பி, அபாரம் என்று எழுதியிருப்பதையும், தூங்க விடவில்லை என்று எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

ஜெசிந்தா கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். பத்துப் படம் மாட்டினால் அந்த இடம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். என் படங்களில் பத்தைக் கழற்றுவார்கள் என்றேன். ஐயோ வேண்டாம் சார் என்பார், வருத்தப்படுவார் என்று மனதின் ஒரு மூலையில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சரி என்று தலையாட்டினார்.

“நெகட்டிவ் தர்றன். பேரு மட்டும் சரியாப் போடச் சொல்லுங்க. ஸ்டுடியோ பேரு வேண்டாம், அவரு பேரும் வேண்டாம். ஜெசிந்தான்னு போடச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். ஜன்னல் வெளிச்சம் இரண்டாவது தூண் வரை வந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கடிதம் எழுதிய அம்மாவுக்கு விவரம் தெரியவில்லை, நானும் எல்லோரையும் விரட்டிவிட்டுத்தான் எடுக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தார். முதன்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன்.

“இப்ப நீங்களும் வெளிய போவணும் சார். வெளிச்சம் போயிடும்.”

முக்காலியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. வாசல் படியில் சாயம் பூசுபவர்களும் தரை துடைத்த பெண்களும் எலெக்ட்ரீஷியனும் வரிசையாக உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தார்கள். உங்களையும் அனுப்பிட்டாங்களா என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார். ஒரு பிடி கடலை கொடுத்தார். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் வரை நான் வெளியே அனுப்பியவர்கள் இப்படித்தான் எங்கேயோ உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டு எனக்காகக் காத்திருந்திருப்பார்கள். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். உரிமையாளருக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு போட்டோவுக்கு இவ்வளவு நேரமா, உள்ளே என்னதான் செய்கிறது அந்தப் பொம்பளை, சீக்கிரம் முடிக்கச் சொல்கிறேன் என்று கதவைத் தள்ள வந்தார். அவர் ஓர் அடி உள்ளே வைத்திருந்தால் போதும். படம் போயிருக்கும், வெளிச்சம் போயிருக்கும், பத்தில் ஒன்று குறைந்திருக்கும். நான் கடலையைத் தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலே நடந்திருக்கும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

எழுந்து கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

“உள்ளே போகாதீர்கள். அவர் நல்ல படம் எடுப்பவர். அவருக்கு நேரம் வேண்டும்” என்றேன்.

நீங்கள் யார் என்று கேட்டார் உரிமையாளர். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. கதவை மட்டும் விடவில்லை.